மூன்றாம் கட்டிலுக்குப் பால்

எங்கள் ஆஸ்பத்திரியில் பட்டினியால் எந்தக் குழந்தையும் இறந்ததில்லை. பட்டினிக்கு எங்களிடம் படிவம் கிடையாது. படிவம் இல்லாத காரணத்துக்காகச் சாவதற்கு அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. இருபத்தாறு வருடம் அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதிய எழுதுவினைஞன் ஆறுமுகநாதன் சொல்கிறேன், நம்பலாம்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். மாத்தளை மாவட்டத்தில் ஒன்று. மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். தொண்ணூற்றெட்டுக் கடைசியில் அங்கே குழந்தைகளுக்கென்று தீவிர சிகிச்சைப் பிரிவு திறந்தார்கள். நான்கு கட்டில், இரண்டு மூச்சு மெஷின். கட்டில்கள் வருவதற்கு ஐந்து மாதம் முன்னமே போஷாக்குக் குழு வந்துவிட்டது. குழுவில் ஒன்பது பேர். தலைவர் எங்கள் அத்தியட்சகர் டொக்டர் இராசலிங்கம். அவர் குழந்தைகளைக் கிட்ட நின்று பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் குழந்தைகளைப் பற்றி அவர் பேசினால் கேட்பவர்களுக்குக் கண் கலங்கும்.

முறை மிகவும் எளிது. மெஷினில் கிடக்கும் பிள்ளைக்கு மூக்கால் குழாய் விட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும். குசினியிலிருந்து பால் வர வேண்டுமென்றால் பிள்ளையின் பெயர் என் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் ஏறக் குழுவின் ஒப்பம் வேண்டும். குழு ஒப்பமிட, பிள்ளையின் நிறை தெரிய வேண்டும். நிறை பார்க்கும் தராசு குழுவின் கூட்ட அறையில், கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. மெஷினில் பூட்டிய பிள்ளையைக் கூட்ட அறைக்குத் தூக்கிப்போக முடியாது. தராசை வார்டுக்குக் கொண்டுவரலாமே என்பீர்கள். கொண்டுவரலாம், அதற்குக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். குழு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மட்டும்தான் கூடும்.

அவசரத்துக்கு ஒரு விதிவிலக்கும் வைத்திருந்தார்கள். தராசு இல்லாத இடத்தில் குழந்தையின் நிறையை வாக்கெடுப்பால் தீர்மானிக்கலாம். மூன்றாம் கட்டிலில் கிடந்த அகிலன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையின் நிறை அப்படித்தான் முடிவானது. பதினாறு கிலோவுக்கு ஐந்து வாக்கு, பதினைந்துக்கு நாலு வாக்கு.

அந்தப் பிள்ளை இறந்துபோனான். நாவுலவில் படிப்பிக்கிற பாலேஸ்வரி டீச்சருடைய ஒரே பிள்ளை. தகப்பன் அவனை வவுனியாவுக்கு, தன் தாய் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய ஆசைப்பட்டார். அனுமதி கேட்டு, பிள்ளையின் கட்டில் துண்டு, வந்த நாள் முதல் சிகிச்சை விபரம் எழுதுகிற தாள், பொலிசுக்குப் போனது. பொலிசிலிருந்து எங்கேயோ மேலே போனது. அனுமதி வரவில்லை. பிள்ளையை மாத்தளையிலேயே புதைத்தோம். புதைத்தோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானும் போயிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். பிள்ளை போன வழி தெரியும். துண்டு போன வழி இன்றுவரை தெரியாது.

துண்டு வெட்டப்பட்டு, அதாவது பிள்ளையின் கணக்கு முடிந்தது என்று எழுதப்பட்டு, என் மேசைக்கு வந்தால்தான் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நான் எடுக்கலாம். துண்டு வரவில்லை. ஆகவே அகிலனின் பெயர் நின்றது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மூடி போட்ட சிறு போத்தலில், இளஞ்சூடாக, மூன்றாம் கட்டிலுக்குப் பால் போய்க்கொண்டே இருந்தது. எட்டு நாள் வெறும் கட்டிலுக்குப் போனது. திருப்பி அனுப்பினால் விசாரணை வரும் என்பதால், தாதி தவமணிதேவி கட்டிலின் பால் அட்டையில் ‘வழங்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு அதைத் தொட்டியில் ஊற்றினாள். சொந்தக்காரர்கள் ஒருநாள் படைப்பார்கள், முப்பத்தோராம் நாள் படைப்பார்கள். செத்த பிள்ளைக்கு நாள் தவறாமல், வேளை தவறாமல் படைத்த ஒரே இடம் எங்கள் ஆஸ்பத்திரிதான். பெயர் எழுதியவன் நான். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும், பிறகு எழுதிவிடும்.

ஒன்பதாம் நாள் அந்தக் கட்டிலுக்கு மர்சூக்கின் மகள் வந்தாள்.

மர்சூக் பலாபத்வலவில் மிளகு வாங்கி விற்கிறவர். வீட்டுத் தோட்டங்களில் பச்சை மிளகாக வாங்கி, காயவைத்து, மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பார். மகள் றஸ்மியாவுக்கு நாலு வயது. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு முட்டியதால் மெஷினில் போட்டார்கள். தாய் உம்மு குல்தூம் பிரசவித்துப் பத்து நாள், வர முடியாது. மர்சூக்தான் வார்டு வாசலில் ஒரு பாயோடு குடியிருந்தார்.

இரண்டு நாள் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடி வழியே பார்த்தார். தவமணி போத்தலைத் திறந்து, பாலைத் தொட்டியில் ஊற்றி, போத்தலைக் கழுவி வைத்தாள். மூன்று மணித்தியாலம் கழித்து மறுபடியும் அதையே செய்தாள். அவர் கதவைத் தட்டினார்.

“மிஸ், அது எம் புள்ளட பாலா?”

“இல்ல நானா,” என்று அவள் அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். “உங்க புள்ளைக்கு இன்னும் பால் எழுதலையே.”

“அப்ப யாருக்கு வந்திச்சி?”

“மூணாம் கட்டிலுக்கு.”

“எம் புள்ள படுத்தீக்கிறது மூணாம் கட்டில்தானே மிஸ்?”

தவமணி போத்தலைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. முந்தின வருடம் ஒரு பிள்ளைக்குக் கேட்காமல் பால் கொடுத்ததற்காக அவளுக்கு ஆறு மாத விசாரணை நடந்தது. அவள் என்னைக் கைகாட்டினாள். மர்சூக் என் மேசைக்கு வந்தார். நான் விதியை எடுத்து வாசித்தேன். தமிழில் தெளிவாக வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு, “எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல சேர். பசிக்கிற புள்ள இங்க ஈக்கி, பாலும் இங்க ஈக்கி. நடுவுல என்னா ஈக்கி?” என்றார். நடுவில் நான்தான் இருந்தேன்.

நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் உம்மு குல்தூம் காய்ச்சின கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் பலாபத்வலத் தெருவில் காவலரண் இருந்தது. காவலுக்கு நின்ற சோல்தாது பிளாஸ்கைத் திறந்து முகர்ந்து, யாருக்கு என்று கேட்டான். மகளுக்கு, ஆஸ்பத்திரியில், என்று இவர் சிங்களத்தில் சொன்னார். ஆற முன்னம் கொண்டுபோய்க் கொடு என்று அவன் மூடியை இறுக்கித் தந்தானாம். அந்தக் கஞ்சிக்கு இரங்கியது துவக்கு வைத்திருந்தவன் மட்டும்தான். எங்கள் வாசலில் பிளாஸ்கைப் பறித்து, முத்திரை வைத்து, பரிசோதனைக்குக் கண்டிக்கு அனுப்பிவிட்டோம். பிளாஸ்குக்கு ரசீது கொடுத்தோம்.

திங்கட்கிழமை மர்சூக் அத்தியட்சகரைப் பார்க்கப் போனார். மூன்று மணித்தியாலம் நிற்க வைத்தபிறகு உள்ளே விட்டார்கள். குறிப்பு எடுக்க நானும் உள்ளே இருந்தேன். டொக்டர் இராசலிங்கம் எழுந்து நின்று பேசினார். ஒருவர் மட்டும் கேட்டாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“தம்பி, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற ஆஸ்பத்திரிகளில் பிள்ளைக்குப் பசித்தால் எதையாவது கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு கொடுத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. நாங்கள் அப்படி இல்லை. இங்கே ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டாலும், எத்தனை மில்லிலீற்றர் கொடுக்காமல் விட்டோம் என்று கடைசித் துளிவரை எங்களுக்குக் கணக்குத் தெரியும். இந்தத் தீவில் வேறு எங்கே இது இருக்கிறது?”

“எம் புள்ள காஞ்சிக்கிட்டு போறா சேர்,” என்றார் மர்சூக்.

“எப்படிச் சொல்கிறீர்கள்? நிறை பார்த்தீர்களா?”

“கையில தூக்கிப் பாத்தா எனக்குத் தெரியும் சேர். பதினஞ்சு வருசமா மெளகு நிறுக்கிறேன். வர்றப்போ புள்ள பதிமூணரை. இன்னைக்கிக் கையைத் தூக்கிப் பாத்தேன். இல்ல சேர். அது அந்தக் கை இல்ல.”

கை முத்திரை குத்தப்பட்ட கருவி இல்லை என்று அத்தியட்சகர் அன்பாக விளக்கினார். மர்சூக் வெளியே போனார். ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது தோளில் சாக்குப் பை இருந்தது. அதற்குள் அவருடைய மிளகுத் தராசு. கொக்கியில் தூக்கிப் பிடிக்கிற தராசு. பித்தளையில் அந்த வருட அரசாங்க முத்திரை பளிச்சென்று இருந்தது. கட்டிலோடு சேர்த்துத் தூக்கிவிட்டுக் கட்டிலின் நிறையைக் கழித்துக்கொள்ளலாம், நாலு பேர் பிடித்தால் போதும் என்றார். இந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட புத்தியான யோசனை அது ஒன்றுதான்.

அத்தியட்சகர் கண்ணாடியைப் போட்டு முத்திரையைப் பார்த்தார். செல்லுபடியான முத்திரைதான். வெகுநேரம் பார்த்தபிறகு முகம் தெளிந்தது.

“இது வாசனைத் திரவியங்களுக்கு,” என்றார்.

மறுநாள் செவ்வாய். குழு கூட வேண்டிய நாள். அன்றைக்குப் பௌர்ணமி, போயா லீவு.

புதன்கிழமை. பிள்ளை வந்து ஏழாம் நாள். இரவு கடமையிலிருந்த இளம் டொக்டர் துண்டில் ‘உணவு உடனே ஆரம்பிக்க வேண்டும்’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். குழுவின் ஒப்பம் இல்லாததால் அது ஒரு கருத்தாகப் பதிவு செய்யப்பட்டது. மத்தியானம் தவமணி மர்சூக்கை வாசலுக்குக் கூப்பிட்டாள். நான் பட்டியலோடு பக்கத்தில் நின்றேன்.

“நானா, ஒரு வழி இருக்கு. இந்தக் கட்டிலுக்கு வர்ற பால் அகிலன்னு ஒரு புள்ள பேர்ல வருது. அந்தப் புள்ள இல்ல. போயிருச்சு. நீங்க அகிலனோட பாதுகாவலர்னு இந்த அட்டையில ஒப்பம் வச்சா, நான் குழாய்ல விட்டுருவேன். யாராவது கேட்டா மூணாம் கட்டில்ல இருக்கிறது அகிலன்தான்.”

மர்சூக் பேனையை வாங்கவில்லை. “மவுத்தாப்போன புள்ளட பேரு,” என்றார். “அந்தப் பேர இந்தப் புள்ளக்கி வச்சி…” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அகிலன் அந்தக் கட்டிலில் படுத்தபடி நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, தலையணையைப் பார்க்கப் பயந்து நான் சுவரைப் பார்த்தேன்.

“அந்தப் புள்ளட உம்மா வாப்பாக்கிட்டக் கேக்க ஏலாதா?”

“கேட்டா விசயம் மேல போயிரும் நானா. பாலும் நின்னுரும்.”

அவர் ஏதோ ஓதினார். பிறகு வாங்கி ஒப்பம் வைத்தார். தவமணி கை கழுவி, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் பத்து மில்லிலீற்றர் மட்டும் மெதுவாக விட்டாள். வயிறு ஏற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்தாள். அடுத்த வேளைக்குப் பதினைந்து. மறுநாள் முப்பது. ஏழு நாள் காய்ந்த வயிற்றில் ஒரேயடியாக ஊற்றினால் அதுவே ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது எந்தக் குழுவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை. தொட்டியில் ஊற்றும் பால் நாளுக்கு நாள் குறைந்தது. ஒன்பதாம் நாள் பிள்ளை தானாக மூச்செடுத்தாள், மெஷினைக் கழற்றினார்கள். பதினோராம் நாள் கண்ணைத் திறந்து, “வாப்பா, தண்ணி,” என்றாள்.

அட்டையில் குணமாகிக்கொண்டிருந்தவன் அகிலன்.

அங்கேதான் வினை. போஷாக்கு வாரம் வந்தது. குழு தோரணம் கட்டுவதில் இருந்ததால் அந்தச் செவ்வாயும் கூடவில்லை. ஆனால் அட்டைகளை வரவழைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் கட்டில் அகிலன், ஒரு வேளைகூடத் தவறாமல் பால் பெற்ற ஒரே பிள்ளை. ஒன்பது பேரும் ஒருமனதாக அவனை அந்த வருடத்தின் சிறந்த போஷாக்குக் குழந்தையாகத் தெரிவு செய்தார்கள். வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

பெற்றோருக்குக் கடிதம் அடிக்கும் வேலை என்னுடையது. ‘தங்கள் மகன் செல்வன் அகிலன் எமது பராமரிப்பில் திருப்திகரமான போஷாக்கு நிலையை அடைந்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.’ நான் அந்தப் பிள்ளையின் குழியில் மண் போட்டவன். அந்தக் கையாலேயே தட்டச்சு செய்தேன். ஒப்பத்துக்கு மேலே போகிற கடிதத்தை யாராவது நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். என் மேலதிகாரி தனக்கு மேலே யாராவது நிறுத்துவார்கள் என்று நினைத்திருப்பார். கடிதம் நாவுலவுக்குப் போய்ச் சேர்ந்தது. வாழ்க்கையில் எனக்கு வெட்கமான நாள் எது என்று கேட்டால் அந்தக் கடிதத்தை மடித்து உறையிலிட்ட நாளைத்தான் சொல்வேன்.

விழாவுக்குப் பாலேஸ்வரி டீச்சர் வந்தாள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நாலு நாள். வெள்ளைச் சேலை, கையில் அந்தக் கடிதம். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அத்தியட்சகர் பேசினார்.

“இந்தக் குழந்தையை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. அட்டையைப் பார்த்தேன், அட்டையில் ஒரு குறையும் இல்லை. ஒரு குழந்தையைப் பார்க்காமலே காப்பாற்ற முடியும் என்பதை நாங்கள் நிரூபித்திருக்கிறோம். இதோ, தாயின் கண்ணீரைப் பாருங்கள். இதற்குமேல் எங்களுக்கு என்ன சான்று வேண்டும்?”

கைதட்டினார்கள். படம் எடுக்கிறவர் பிள்ளை இல்லாமல் படம் நல்லாயிராது என்றார். மூன்றாம் கட்டில் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்கள். மர்சூக் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொட்டை அடித்த தலை, காதில் சின்னத் தோடு. அத்தியட்சகர் தோட்டைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், ‘செல்வன்’ என்ற சொல்லின்மேல் பெருவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். “எடுங்கள்,” என்றார். படம் எடுக்கப்பட்டது. அந்தப் படம் இப்போதும் கூட்ட அறையில் தராசுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

விழா முடிந்தபிறகு மர்சூக் தானாகவே டீச்சரிடம் போனார். “டீச்சர், ஒங்கட மகன்ட பேருல வந்த பாலத்தான் எம் புள்ள குடிச்சா. ஒங்கக்கிட்டக் கேக்காம ஒப்பம் வச்சேன். அல்லாவுக்காக மன்னிங்க.”

அவள் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை நாளா அந்தப் பேர்ல பால் வருது?” என்றாள்.

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மர்சூக் மகளைத் தூக்கியபடி பின்னால் வர, அவள் என் அறைக்கு வந்து பட்டியலைக் கேட்டாள். மறுக்க ஆயிரம் விதி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் விரல் வைத்துத் தேடினாள். டீச்சர் அல்லவா, பெயர்களில் விரல் வைத்துத்தான் தேடினாள்.

‘அகிலன், மூன்றாம் கட்டில், 17.02.1999 காலை ஆறு மணி முதல்.’

குழு கூடி வாக்கெடுத்து ஒப்பமிட்டது பதினாறாம் திகதி செவ்வாய் பின்னேரம் நாலு மணிக்கு. பிள்ளை இறந்தது அன்று மத்தியானம் இரண்டரைக்கு. அவனை மெஷினில் போட்டது எட்டாம் திகதி; முந்தின செவ்வாய் பதினைந்தா பதினாறா என்று முடிவாகாமல் கலைந்துபோனார்கள்.

“ஒன்பது நாள்,” என்றாள். “நான் வெளியில நின்னுக்கிட்டு இருந்தேன். உள்ள சாப்பாடு குடுக்கிறாங்கன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரிதானேன்னு நினைச்சேன்.”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். விதி கிடக்கட்டும், பெயரை வெட்டிவிடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“வெட்டாதீங்க. அந்தக் கட்டிலுக்கு இன்னொரு புள்ள வரும். அதுக்கும் அவங்க செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. இருக்கட்டும். என் புள்ள பேர்ல குடிக்கட்டும்.”

மர்சூக்கின் பிள்ளை அப்போது அவளுடைய கையிலிருந்த கடிதத்தை இழுத்தாள். டீச்சர் அதைக் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரலில் கண்டியிலிருந்து அறிக்கை வந்தது. கஞ்சி உண்ணத் தகுந்தது.

நான் பெயரை வெட்டவில்லை. பொலிசுக்குப் போன துண்டு வரவே இல்லை, ஆகவே விதியும் என் பக்கம்தான். மூன்றாம் கட்டிலுக்கு எந்தப் பிள்ளை வந்தாலும், குழு நிறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் நாட்களில், தவமணி கை கழுவிவிட்டு அகிலனின் பாலை எடுப்பாள். எத்தனை பிள்ளைகள் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். கை நிற்பது மட்டும் நிற்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் ஓய்வு பெற்றேன். கடைசி நாள், என் இடத்துக்கு வந்த மஸீஹா என்ற எழுதுவினைஞரிடம் பட்டியலை ஒப்படைத்தேன். பழைய பக்கங்களைப் புரட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சேர், இந்தப் புள்ள ஒம்பது வருசமா மூணாம் கட்டில்ல ஈக்கா? வயசு அஞ்சுன்னே போட்டீக்கே. இன்னும் கொணமாகல்லியா?”

“ஒன்பது நாள் பசி அம்மா,” என்றேன். “இன்னும் தீரவில்லை. எழுதுங்கள்.”

அவள் மறுநாள் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு எழுதினாள்.